140 இடத்துக்கு அனுப்பியும் போன் வரவில்லையே?

கேள்வி: பி.காம் முடித்து, கரூரில் ஒரு வீட்டு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் மூன்று வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கணவருக்குக் கோவைக்கு மாற்றல். நாலு மாதத்தில் 140 இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன். வந்தது இரண்டே போன். அதில் ஒன்று 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்டது. என் கவர் லெட்டரை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: முதலில் அந்த 2,500 ரூபாய். கட்டவில்லை என்று நம்புகிறேன். ஆள் தேவைப்படும் நிறுவனம் விண்ணப்பித்தவரிடம் காசு கேட்காது. பதிவு, பயிற்சி, லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

இப்போது உங்கள் கடிதம். 'தங்கள் மதிப்பிற்குரிய நிறுவனத்தில் பணிபுரிய ஆவலாக உள்ளேன், நான் கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவள்' என்று போகிறது. இதை சிமென்ட் கம்பெனிக்கும் அனுப்பலாம், பல் மருத்துவமனைக்கும் அனுப்பலாம். நீங்கள் அப்படித்தான் அனுப்பியும் இருக்கிறீர்கள். பல வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: இந்த மெயில்களைப் பெரும்பாலும் போனில்தான் பார்ப்போம். திறக்கும் முன் தெரிவது சப்ஜெக்டும் முதல் வரியும் மட்டும். அந்த முதல் வரியை 'மதிப்பிற்குரிய ஐயா' சாப்பிட்டுவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

நீங்கள் அனுப்பியிருந்த கோவை விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். 'டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்தல், 2–4 வருட அனுபவம், உடனே சேர்பவருக்கு முன்னுரிமை.' இதில் நான் முதலில் படிப்பது கடைசி வார்த்தைகளைத்தான். 'உடனே' என்றால் அநேகமாக இருந்தவர் போய்விட்டார். 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர் 1 (விற்பனை விவர ரிட்டர்ன்) போட வேண்டும், 20-ம் தேதி 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்). ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருக்கும். அந்த முதலாளிக்கு விரைவில் கற்றுக்கொள்பவர் வேண்டாம். சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாதவர் வேண்டும்.

உங்கள் மெயிலின் கடைசியில் ஒரு வரி இருந்தது. 'மாசா மாசம் 14-ம் தேதி 2பி வந்ததும் சப்ளையர்களுக்குப் போன் போட்டே தொண்டை கட்டிவிடும்' என்று புலம்பியிருந்தீர்கள். அம்மா, அதைத்தான் கவர் லெட்டரில் எழுதியிருக்க வேண்டும்! 2பி என்பது சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல். சப்ளையர் தன் ரிட்டர்னில் பில்லைக் காட்டாவிட்டால் அது 2பி-யில் வராது. வராத பில்லுக்கு உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழிக்க முடியாது, அவ்வளவு பணமும் கையிலிருந்து போகும். அதைத் துரத்திப் பிடிக்கும் ஆளின் அருமை எந்த முதலாளிக்கும் தெரியும். நீங்களோ அதை ரெஸ்யூமில்கூடப் போடவில்லை.

கடிதத்தை ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், விஷயம் இப்படி இருக்கட்டும்:

'உங்கள் கோவை அலுவலகத்துக்கான அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் விளம்பரம் தொடர்பாக எழுதுகிறேன். மூன்று வருடமாக ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் ஜிஎஸ்டிஆர் 1, 3பி இரண்டையும் மாதந்தோறும் நானே தயார் செய்கிறேன், ஆடிட்டர் சரிபார்ப்பது மட்டும்தான். கொள்முதல் பதிவை 2பி-யோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களை சப்ளையர்களிடம் பேசிச் சேர்க்க வைக்கிறேன். மூன்று வங்கிக் கணக்குகளை டேலி பிரைமில் வாரம் ஒருமுறை ஒத்துப்பார்க்கிறேன். கோவைக்குக் குடிவருகிறேன். நோட்டீஸ் 30 நாள்.'

அவ்வளவுதான். எண்களை உங்கள் வேலைப்படி மாற்றிக்கொள்ளுங்கள். தனியாக கவர் லெட்டர் கேட்காத இடத்தில் இதுவே மெயிலின் உடம்பு. சப்ஜெக்டில் வேலையின் பெயர், அனுபவம், 'கோவை', '30 நாள்' இருந்தால் போதும்.

அடுத்த விளம்பரத்துக்கு நடுப்பகுதி மாறும். அது ஏற்றுமதி நிறுவனம் என்றால் ஷிப்பிங் பில் (சுங்கத்துறைக்கான ஏற்றுமதிப் பத்திரம்), எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழி), ரீஃபண்ட் வேலை முன்னால் வரட்டும். வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய வியாபார நிறுவனம் என்றால் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதியும் பில்), இ-வே பில் (சரக்கு கொண்டுபோகும் சீட்டு). செய்யாததை மட்டும் எழுதாதீர்கள். இன்டர்வியூவில் டேலியைத் திறந்து ஒரு என்ட்ரி போடச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரு கடிதத்துக்கு இருபது நிமிஷம் ஆகும். வாரத்துக்கு ஆறேழு தாண்டாது. தாண்ட வேண்டாம்.

தேடும் விதத்திலும் ஒரு கோளாறு. நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். ஊர் கரூர், விரும்பும் ஊர் காலி, தலைப்பில் 'பி.காம் பட்டதாரி'. ஆள் எடுப்பவர் அங்கே வந்த விண்ணப்பங்களை மட்டும் படிப்பதில்லை. கோவை, 2–4 வருடம், ஜிஎஸ்டி, டேலி என்று போட்டு அவரே தேடுவார். அந்த வலையில் நீங்கள் சிக்கவே மாட்டீர்கள். விரும்பும் ஊர், நோட்டீஸ் நாள், தலைப்பு மூன்றையும் இன்றே திருத்துங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை உள்ளே போய் ஏதாவது ஒன்றைப் புதுப்பியுங்கள், பல மாதம் தொடாத பக்கத்தை யாரும் நம்புவதில்லை. தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதியுங்கள், இலவசம்தான்.

ஆனால் உங்கள் துறையில் எனக்கு எல்லாவற்றையும்விட நம்பிக்கை ஆடிட்டர் ஆபீஸ் மேல்தான். எந்தக் கம்பெனியில் அக்கவுண்டன்ட் போகப்போகிறார் என்பது விளம்பரம் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். தினம் உங்களோடு பேசும் கரூர் ஆடிட்டர் ஆபீஸ் சீனியரிடம் 'கோவைக்குப் போறேன் சார், உங்களுக்குத் தெரிஞ்ச ஆபீஸ் இருக்கா' என்று கேட்டீர்களா? உங்கள் ரிட்டர்னை மாதாமாதம் பார்ப்பவர் அவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மதிப்பு தனி. உங்கள் முதலாளிக்கு மாற்றல் விஷயம் ஏற்கெனவே தெரியும் என்றால் மட்டும் கேளுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும்.

இன்னொன்று, சின்ன விஷயம். உங்கள் ரெஸ்யூம் ஃபைலின் பெயர் 'நியூ ஃபைனல் 3'. உங்கள் பெயர், அக்கவுண்ட்ஸ், கோவை என்று மாற்றி பிடிஎஃப்பாக அனுப்புங்கள். என் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பதினோரு 'நியூ ஃபைனல்' கிடக்கிறது.