மகள் துவக்குப் பிடிக்கக் கேட்கிறாள்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். என் மகளுக்கு 21 வயது. கம்பஸில் இரண்டாம் வருடம். ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணனின் மகள் போன நவம்பரில் மான் வேட்டைக்குப் போய், அந்த வீடியோக்களை யூரியூப்பில் போட்டாள். அதிலிருந்து இவளுக்கும் அதே எண்ணம். வேட்டைக்குப் போக வேண்டும், குறிபார்த்துச் சுடப் பழக வேண்டும், எல்லாவற்றையும் படம் எடுத்துத் தனக்கென்று ஒரு சனல் தொடங்க வேண்டும் என்கிறாள். நெடுங்கேணியில் இருக்கும் அவளுடைய சித்தப்பா, "லீவுக்கு வா பிள்ளை, பன்றி வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டார். என் கணவர் ஒன்றும் சொல்லாமல் சிரிக்கிறார். எனக்கோ அவள் கையில் துவக்கை நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. "அம்மா, நீங்கள் இன்னும் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள்" என்கிறாள். நான் மறிப்பது பிழையா? மறித்தாலும் சித்தப்பாவிடம் இதை யார் சொல்வது?
பெயர் வேண்டாம், உரும்பிராய்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். "பொம்பிளைப் பிள்ளைக்கு இது எதற்கு" என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. ஆனால் மகளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. அதனால்தான் பழைய காலம் என்கிறாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் கையில் துவக்கு இருந்ததே அந்தப் பழைய காலத்தில்தான் என்பது அவளுக்கு யாரோ சொன்ன கதை. யுத்தம் முடியும்போது அவளுக்கு நாலைந்து வயது இருந்திருக்கும். கனடாவில் ஒரு பெண் துவக்கோடு நின்றால் பார்ப்பவர்கள் துணிச்சல் என்பார்கள். உங்கள் வயதுக்காரிக்கு இங்கே அதைப் பார்த்தால் வேறு முகங்கள் ஞாபகம் வரும். நெஞ்சு அடைப்பது அதனால்தான். ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து இதை அவளிடம் நேராகச் சொல்லுங்கள். ஒரு தரம் சொன்னால் போதும், நாளாந்தம் சொல்ல வேண்டாம்.

அப்புறம், அவள் கேட்டிருப்பது ஒன்றல்ல. வேட்டை, சுடும் விளையாட்டு, கமரா என்று மூன்று. நீங்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "வேண்டாம்" என்கிறீர்கள். அவளும் ஒரே மூட்டையாகத்தான் கேட்கிறாள்.

முதலில் சித்தப்பாவின் வேட்டை. எனக்கும் வன்னியில் ஒரு மாமா இருந்தார். வீட்டு வளையில் பழைய சாரம் சுற்றிய துவக்கு ஒன்று தொங்கும். மாமா இரவில் போய் விடியப்புறம் வருவார். சாக்கு விழும் சத்தம் கேட்டதும் மாமி எழும்பி விளக்கைத் தூண்டுவா. வெட்டுவது, உப்பும் மஞ்சளும் பிரட்டுவது, வத்தல் போடக் கயிற்றில் கோப்பது, காகம் கொத்தாமல் நாள் முழுக்கக் காவல் இருப்பது எல்லாம் மாமியும் நாங்களும்தான். சாப்பிட வந்தவர்கள் மட்டும் "வேட்டைக்காரன் வீடு" என்று மாமாவைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். வேட்டையில் பெண்கள் புதிதாக நுழைகிறார்கள் என்று யாரும் எழுதினால் எனக்கு மாமியின் மஞ்சள் படிந்த விரல்கள்தான் ஞாபகம் வரும்.

அந்த ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது, மறைக்கவில்லை. என்றாலும் மகளைச் சித்தப்பாவோடு அனுப்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன். மானும் மரையும் உடும்பும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அந்தச் சட்டம் 1937இலேயே வந்தது. பயிரை அழிக்கும் பன்றியோடு தோட்டக்காரர் படும் பாடு வேறு கதை, அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் "பன்றி வேட்டை" என்று புறப்படுகிறவர்கள் கையில் இருப்பது பல இடங்களில் அனுமதிப்பத்திரம் இல்லாத, உள்ளூரில் செய்த இடியன் துவக்கு. வழியில் யாரோ கட்டிவிட்டுப் போன, கால் பட்டாலே வெடிக்கும் கட்டுத்துவக்கு இருக்கும். பன்றிக்கென்று வைத்த வெங்காய வெடியைக் கடித்து வாய் சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் கிடந்து செத்த யானைக்குட்டிகள் எத்தனை. இது போதாதென்று, வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையை ஏ9 வீதியால் போகும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரவில், ரோர்ச் வெளிச்சத்தில், பாதையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடக்க வேண்டும் என்றால் ஆண்பிள்ளை கேட்டாலும் என் பதில் இதுதான்.

கனடாப் பிள்ளை மட்டும் போகலாமோ என்று மகள் கேட்பாள். கேட்கட்டும். அந்தப் பிள்ளையையே அழைத்து, வீடியோவுக்கு முன்னால் என்னென்ன செய்தாய் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அங்கே துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்தால் முதல்தரம் கேட்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. விண்ணப்பத்தில் கணவரின் கையெழுத்தையும் கேட்பார்கள், அவர் போடாவிட்டால் அதிகாரிகள் அவருக்கு அறிவிப்பார்கள். (அண்ணன் மகளுக்குக் கலியாணம் ஆகிவிட்டதா தெரியாது. மனைவி கையெழுத்துப் போட மறுத்த ஆண்கள் எத்தனை பேர் என்று அறிய எனக்கு ஆசை.) பிறகு வேட்டைக்கென்று தனி வகுப்பு, தனி அட்டை. எத்தனை மான் சுடலாம் என்பது அனுமதிச் சீட்டில் இருக்கும். துவக்கால் வேட்டையாடும் காலத்தில் காட்டுக்குள் தோடம்பழ நிறத்தில் தொப்பியும் மேலாடையும் போட்டே ஆக வேண்டும். பத்து நிமிட வீடியோவில் இதெல்லாம் எங்கே வரப்போகிறது?

அங்கேயும் பெண்களுக்குக் கதவு தானாகத் திறக்கவில்லை. 1991இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் கிறிஸ்டின் தோமஸ் என்ற பேராசிரியர் பெண்களுக்கென்றே பயிற்சி முகாம் தொடங்கினார். சுடுதல், மீன்பிடி, காட்டில் தங்குதல் எல்லாம் அதில் உண்டு. பெண்களுக்கு விருப்பம் இருந்தது, கூட்டிக்கொண்டு போகத்தான் ஆளில்லை. தகப்பன் மகனைக் கூட்டிப் போவார், மகள் வீட்டில் நிற்பாள். அந்த முகாம்கள் பிறகு கனடா வரைக்கும் பரவின. 2014இல் ஒரு பழைய வேட்டைச் சஞ்சிகையின் அட்டையில் கனடாக்காரி ஈவா ஷொக்கியின் படம் வந்ததே பெரிய பேச்சாக இருந்தது. இதையெல்லாம் பார்த்துக் கடைக்காரரும் விழித்துக்கொண்டார்கள். பெண்களுக்கென்று முதலில் செய்தது என்ன தெரியுமா, ரோஸ் நிறத் துவக்கு! பெண்கள் கேட்டது தோளுக்குப் பொருந்தும் நீளம்.

சரி, சுடும் விளையாட்டுக்கு வருவோம். இதற்கு மகளை விடலாம், நீங்களே கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. அங்கே எந்த உயிரையும் சுடுவதில்லை. 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியில் குண்டு 4.5 மில்லிமீற்றர், குறியின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டம் வெறும் அரை மில்லிமீற்றர். பேனா முனையால் தொட்டு வைத்த பொட்டு மாதிரி. 75 நிமிடத்தில் 60 வெடி. தடித்த கன்வஸ் சட்டையை மாட்டிக்கொண்டு, முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால் நெஞ்சுத் துடிப்பு துவக்கின் நுனியில் தெரியும். அதை அடக்கப் பழகத்தான் வருடக்கணக்கு. உங்கள் மகள் யாரிடமாவது கோபித்துக்கொண்டு போய் நின்றால் அன்றைக்கு ஒரு வெடியும் சரிவராது. தாய்மாருக்கு இதைவிட நல்ல விளையாட்டு உண்டா?

உடல்பலம் பெரிதாகத் தேவைப்படாத விளையாட்டு என்பதால் இங்கே பெண்கள் ஆண்களோடு நேருக்கு நேர் நின்றிருக்கிறார்கள். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் மார்கரெட் மர்டொக் என்ற பெண் ஆண்களோடு சுட்டு முதலிடத்தில் சமன் வந்தார். குறித்தாள்களை மறுபடி பார்த்து, அவரோடு சமன் வந்த ஆணுக்குத் தங்கம் கொடுத்தார்கள். அந்த மனிதர், லானி பஷாம், தேசிய கீதம் ஒலிக்கும்போது மார்கரெட்டை மேடையின் உச்சிப் படிக்கு இழுத்துத் தன்னோடு நிறுத்திக்கொண்டார். 1992 பார்சிலோனாவில் நடந்தது இன்னும் விசேஷம். பறக்கும் மண் தட்டுகளைச் சுடும் ஸ்கீற் போட்டியில் சீனாவின் சாங் ஷான் 225இல் 223 தட்டுகளை உடைத்து, ஆண்கள் எல்லாரையும் முந்தித் தங்கம் எடுத்தார். அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீற் ஆண்களுக்கு மட்டும். வென்றவர் தன் பட்டத்தைக் காக்கவே இடமில்லை. பெண்களுக்குத் தனி ஸ்கீற் 2000இல்தான் வந்தது. இந்தக் கதையை மகளுக்குச் சொல்லுங்கள், அவள் சனலுக்கு நல்ல முதல் வீடியோ.

எங்கள் நாட்டுக்கும் இதில் பெருமை உண்டு, அதுவும் பெண்களால். 1994இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாயப் போட்டியில் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்கிரமசிங்கவும் காற்றுத் துவக்கு ஜோடிப் பிரிவில் தங்கம் வென்றார்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தெஹானி எகொடவெல போனார். கடலூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளை இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காக டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்டிருக்கிறார். பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் எடுத்ததை மகளே உங்களுக்குச் சொல்லியிருப்பாள்.

எப்படித் தொடங்குவது? மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். கொழும்பில் இருக்கும் தேசியச் சம்மேளனத்துக்கு அவர் வழி காட்டுவார். செமஸ்டர் விடுமுறையில் வெள்ளவத்தையில் யாராவது உறவுக்காரர் வீட்டில் இரண்டு கிழமை தங்கிப் பழகிப் பார்க்கட்டும். பயிற்சியில் கொடுக்கும் துவக்கிலேயே பழகலாம். "காற்றுத் துவக்குத்தானே" என்று இணையத்தில் பார்த்து வாங்கிவிட வேண்டாம். மாவட்டச் செயலகத்தில் சட்டம் என்ன என்று கேட்டு, அவர்கள் எழுத்தில் தந்த பிறகுதான் அந்தப் பேச்சு. இரண்டு கிழமையில் தோள் நோவு தாங்காமல் அவளே விட்டுவிட்டு வந்தாலும் நட்டம் ஒன்றுமில்லை.

இனிக் கமரா. எனக்கென்னவோ உங்கள் பிள்ளைக்கு உண்மையில் பிடித்தது இதுதான் என்று படுகிறது. போன தை மாதம் மண்டைதீவுப் பக்கம் ஒரு பிள்ளையைப் பார்த்தேன். விடிய ஆறரை இருக்கும். முழங்கால் வரை சேற்றில், கமராவுக்கு மேல் ஒரு பழைய பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு அசையாமல் குந்தியிருந்தாள். தூரத்தில் பூநாரைக் கூட்டம். மோட்டார் சைக்கிளில் போன ஐயா ஒருவர் நிறுத்தி, "என்ன பிள்ளை, ஏதும் துலைச்சிட்டியோ?" என்று கத்தினார். கூட்டம் முழுக்க எழும்பிப் பறந்துவிட்டது. அவள் திரும்பி ஐயாவைப் பார்த்த பார்வையைத்தான் யாராவது படம் பிடித்திருக்க வேண்டும்.

வேட்டைக்காரனுக்கு வேண்டிய பொறுமையும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்ற கவனமும் இதற்கும் வேண்டும். தேனிப் பக்கத்து ராதிகா ராமசாமி கணினிப் படிப்புப் படித்துவிட்டுக் காட்டுயிர்ப் படம் எடுக்கப் போய்ப் பெயர் வாங்கியவர். எங்கள் ஆஷா டி வொஸ் நீலத்திமிங்கிலத்தின் பின்னால் கடலில் திரிகிறார். உங்கள் மகளுக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரைக்கும் சுண்டிக்குளம், தொண்டைமானாறு, மன்னாரில் வங்காலை எல்லாம் வலசை வந்த பறவைகளால் நிறைந்திருக்கும். தனியே அனுப்பாமல் இரண்டு மூன்று சிநேகிதிகளோடு அனுப்புங்கள். கூடு இருக்கும் இடத்தை வீடியோவில் சொல்லக் கூடாது. ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. முகத்தைக் காட்டிச் சனல் நடத்தும் பெண்ணின் வீடியோக்களுக்குக் கீழே என்னென்ன எழுதுவார்கள் என்பதற்கும் அவள் தயாராக வேண்டும். முதல் ஆறு மாதம் அந்தக் கருத்துகளை அவளுக்குப் பதில் ஒரு சிநேகிதி வாசித்து அழிக்கட்டும். வேட்டை வீடியோ போடும் பெண்களுக்கு அங்கேயும் கொலை மிரட்டல் வரைக்கும் வருகிறது, அண்ணன் மகளைக் கேட்டால் சொல்லுவாள்.

சித்தப்பாவிடம் யார் சொல்வது என்று கேட்டீர்கள். உங்கள் கணவர்தான், வேறு யார்? தம்பி அவருடையவர், சிரித்துக்கொண்டு நின்றவரும் அவரே. போனில் சொல்ல வேண்டாம், நேரே போய்ச் சொல்லட்டும். மகளும் கமராவோடு கூடப் போகட்டும். பன்றி கிளறிவிட்டுப் போன மரவள்ளித் தோட்டத்தைச் சித்தப்பா பகல் வெளிச்சத்தில் அவளுக்குக் காட்டட்டும். காட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்த யூரியூப்பிலும் இல்லை, அவர் பேசுவதை அவள் பதிவுசெய்துகொண்டு வரலாம்.