ஏஜெண்டு நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் ஐந்து கிரெடிட் (நல்ல தேர்ச்சி) எடுத்திருக்கிறாள். மிஸ்ஸி (நர்ஸ்) வேலைக்குப் படித்து டயாலிசிஸ் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் தாத்தா வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறார். கோயில் மண்டபத்தில் நடந்த கல்விக் கண்காட்சியில் ஓர் ஏஜெண்டைப் பார்த்தோம். "காசே வேண்டாம், அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்வி நிதி எல்லாம் பார்த்துக்கொள்ளும், ஆஸ்பத்திரி ஸ்பான்சரும் உண்டு, மூன்றே வருடத்தில் டயாலிசிஸ் நர்ஸ்" என்றார். இடம் பிடிக்க 500 ரிங்கிட்டும் உத்தரவாதியாக என் கையெழுத்தும் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. 500 ரிங்கிட்டையும் கொடுக்காதீர்கள். இந்த வாரத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் இடம் போய்விடும் என்றும் சொல்லியிருப்பார். எல்லா ஏஜெண்டும் சொல்லும் பேச்சு அது. நல்ல கல்லூரி எதுவும் ஒரு வாரத்தில் ஓடிவிடாது.

முதலில் கேட்க வேண்டிய இடம் அரசு. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் தாதியர் டிப்ளோமா மூன்று ஆண்டுப் படிப்பு. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, மாதப் படியும் உண்டு. அதற்குப் பதிலாக ஒப்பந்தப்படி அரசுக்கு வேலை செய்து தர வேண்டும். இதை ஏஜெண்டு ஏன் சொல்லவில்லை என்று யோசியுங்கள்: அதில் அவருக்குக் கமிஷன் இல்லை. அமைச்சு மீதும் எனக்குக் கோபம்தான். விளம்பரம் இணையத்தில் மலாயில் வரும், குறுகிய நாளில் மூடிவிடும். தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கும் ஒரு தாய்க்கு அதை யார் போய்ச் சொல்கிறார்கள்? தமிழில் ஒரு துண்டுத்தாள் அச்சடிக்க இத்தனை ஆண்டாகியும் மனம் வரவில்லை. இருந்தாலும் மகளை அமைச்சின் இணையப் பக்கத்தைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள், விண்ணப்பம் திறந்ததும் போடச் சொல்லுங்கள்.

ஐந்து கிரெடிட் என்றீர்களே, அது எந்த ஐந்து? மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவை அதற்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தேர்ச்சியாவது வேண்டும். தமிழிலும் வரலாற்றிலும் கிரெடிட் வாங்கி, கணிதத்தில் வெறும் தேர்ச்சி என்றால் கதை வேறு. அதைச் சொல்லாமலே பதிவுப் பணம் வாங்கிக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அரசில் கிடைக்கவில்லை, தனியார்தான் என்றால் இரண்டு பட்டியலைப் பாருங்கள். ஒன்று, எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேடு. இன்னொன்று, மலேசியத் தாதியர் வாரியம், அதாவது லெம்பாகா ஜுருராவாட், அங்கீகரித்த பயிற்சிக் கழகங்களின் பட்டியல். கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, உங்கள் மகள் சேரப்போகும் அதே படிப்பின் பெயர் இரண்டிலும் இருக்க வேண்டும். வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெறாமல் இந்த நாட்டில் யாரும் நர்ஸாக வேலை செய்ய முடியாது. 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

இங்கேதான் பெரிய ஏமாற்று நடக்கிறது. 'ஹெல்த்கேர்', 'கேர்கிவர்', 'நர்சிங் அசிஸ்டண்ட்' என்று பெயர் வைத்த சிஜில் (சான்றிதழ்) படிப்புகளை நர்சிங் என்றே விற்கிறார்கள். வெள்ளைச் சீருடையில் போட்டோ எடுத்து பேனரில் போட்டுவிட்டால் யாருக்கு வித்தியாசம் தெரியும்? அந்தப் படிப்பை முடித்த பெண் நோயாளியைக் குளிப்பாட்டலாம், சக்கர நாற்காலி தள்ளலாம். அதுவும் மரியாதையான வேலைதான், ஆனால் அவள் பதிவு பெற்ற தாதி அல்ல. அங்கிருந்து டயாலிசிஸ் நர்ஸாக ஏறிப்போக ஏணியும் இல்லை. 2010-க்கு முந்தைய ஆண்டுகளில் தனியார் தாதியர் கல்லூரிகள் காளான் போல முளைத்தன. முறையான டிப்ளோமா முடித்தவர்களிலேயே பலர் வேலையில்லாமல் கடனோடு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஐந்து கிரெடிட் விதியே வந்தது.

சரி, பணம். பி.டி.பி.டி.என். உதவித்தொகை அல்ல, கடன். ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் உண்டு. படிப்பு முடிந்து 12 மாதம் ஆனதும், மகள் பெயரில், மகள்தான் கட்ட வேண்டும். விண்ணப்பிக்க அதே நிதியின் எஸ்.எஸ்.பி.என். எனும் கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும். கல்லூரி இடம் கொடுத்த கடிதம் வந்த பிறகு அவளே கைப்பேசியில் விண்ணப்பிக்கலாம், நடுவில் யாருக்கும் ஒரு காசு தர வேண்டியதில்லை. தனியார் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் அந்தக் கடன் மூடாது. மீதி, ஹாஸ்டல், சீருடை, பயிற்சிக்குப் போகிற பஸ் செலவு எல்லாம் உங்கள் தலையில்தான். கல்லூரியிடம் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். முதல் பருவக் கட்டணத்தை மட்டும் சொல்லிச் சிரிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

குறைகிற பணத்துக்கு அவள் அப்பாவின் இ.பி.எஃப். எனும் ஊழியர் சேம நிதியில் 'அக்காவுன் செஜாத்ரா' பகுதியிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம். மாமனார், மாமியார் காலத்தில் யாராவது துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியிருந்தால், உறுப்பினர் பிள்ளைகளுக்கான கல்வி உதவி உண்டா என்று கேளுங்கள். ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி.-யிலும் கடனுக்கு விண்ணப்பிக்கலாம்.

அடுத்து அந்தக் கையெழுத்து. ஸ்பான்சர் என்றால் தானம் என்று நினைக்காதீர்கள். அது ஒப்பந்தம். இத்தனை ஆண்டு எங்கள் மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும், விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். உத்தரவாதி என்றால், மகள் கட்டாத அதே கடனுக்கு நீங்களும் முழுப் பொறுப்பு. அவளிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம்கூட அவர்களுக்கு இல்லை.

"பிள்ளைக்கு இன்னும் 18 ஆகவில்லை, அவள் போட்ட கையெழுத்து செல்லாது" என்று தோட்டத்தில் யாராவது தைரியம் சொல்வார்கள். பொதுவாக அது சரிதான். ஆனால் படிப்பு விஷயத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். ஒப்பந்தச் சட்டத்தில் 1976-இல் கொண்டுவந்த திருத்தப்படி, அரசோ, சட்டப்படி அமைந்த வாரியமோ, கல்வி நிலையமோ கொடுக்கும் உபகாரச் சம்பளம், கல்விக் கடன், படிப்பு ஸ்பான்சர் ஆகியவற்றுக்கான ஒப்பந்தத்தை, கையெழுத்துப் போட்டபோது வயது குறைவு என்று சொல்லித் தள்ள முடியாது. 17 வயதில் போட்டாலும் போட்டதுதான். தனியார் மருத்துவமனைக் கம்பெனி அந்தப் பட்டியலில் வராது. அதனால்தான் அவர்கள் அம்மா, அப்பா கையெழுத்தை விடாமல் கேட்கிறார்கள். ஆகவே, வேலைக்காலம் எத்தனை ஆண்டு, விலகினால் எவ்வளவு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்தத் தொகை குறையுமா, வாரியத் தேர்வில் தோற்றால் என்ன, நோயில் விழுந்தால் என்ன: இந்த ஐந்தும் எழுத்தில் இல்லாத தாளைத் தொடாதீர்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றால் அதுவே பதில்.

மூன்றே வருடத்தில் டயாலிசிஸ் நர்ஸ் என்பது பொய். மூன்று ஆண்டில் அவள் பதிவு பெற்ற பொதுத் தாதி ஆவாள். அப்புறம் வார்டில் சில ஆண்டு அனுபவம் வேண்டும். அதன் பிறகுதான் போஸ் பேசிக் என்று நாங்கள் சொல்லும் சிறப்புப் பயிற்சி. சிறுநீரகம், தீவிர சிகிச்சை, அறுவை அரங்கு, பச்சிளங்குழந்தை என்று பிரிவுகள் உண்டு. பிரிவைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். டயாலிசிஸ் மையங்கள் புதிதாகப் பதிவு பெற்றவர்களையும் எடுத்துத் தாங்களே பழக்குகின்றன, உங்கள் மகள் அப்படியும் நுழையலாம். மையம் கொடுக்கும் சான்றிதழும் போஸ் பேசிக்கும் ஒன்றல்ல என்பதை மட்டும் சேரும்போதே தெரிந்துகொள்ளட்டும்.

இந்தச் சிறப்புப் பயிற்சிக்குச் சொந்தக் காசைப் போட அவசரப்படக் கூடாது. அரசுத் தாதியைச் சம்பளத்தோடு அனுப்புவார்கள், தனியார் மருத்துவமனைகளும் தங்கள் செலவில் அனுப்புவதுண்டு. அதற்கும் ஓர் ஒப்பந்தம் வரும். அப்போது அவள் சம்பாதிக்கும் பெண், தானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள்.

மகளின் எஸ்.பி.எம். சான்றிதழின் அசலை ஏஜெண்டிடம் கொடுத்திருந்தால், நாளைக்கே போய் அதைத் திரும்ப வாங்கி வாருங்கள்.