மாதிரி மதிப்பீட்டு அறிக்கைக்கும் தொழில்முறை விதிகள் பொருந்துமா?

மதிப்பீட்டு அறிக்கை என்பது, ஒரு காணி அல்லது வீடு குறிப்பிட்ட நாளில் என்ன விலை பெறும் என்று மதிப்பீட்டாளர் கையொப்பமிட்டுத் தரும் கருத்து. அதை நம்பி வங்கி கடன் கொடுக்கும், ஆட்கள் காசு கட்டுவார்கள். விதிகள் இருப்பதே அப்படி நம்புகிறவரைக் காப்பாற்றத்தான்.

'உப்புவெளியில் 20 பேர்ச் காணி' என்று முழுக்கக் கற்பனையாக எழுதிய மாதிரியில் வாடிக்கையாளரும் இல்லை, நம்பி ஏமாற ஆளும் இல்லை. தையல்கடையில் தொங்கும் மாதிரிச் சட்டை போலத்தான். அளவு பிழை என்று யார் சண்டைக்கு வருவார்? ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் 'மாதிரி' என்று போட வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், பலர் பழைய உண்மையான அறிக்கையில் பெயரை மட்டும் அழித்துவிட்டு மாதிரி என்று நீட்டுவார்கள். அது விதிகளுக்கு உட்பட்டுச் செய்த வேலை. வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காக்கும் கடமை அப்படியே நிற்கிறது. காணி உறுதி இலக்கம், நில அளவை வரைபட இலக்கம், நான்கு எல்லைகள், படங்கள் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். நிலாவெளியில் 'கிழக்கே கடல், வடக்கே கோயில், இரண்டு மாடி விடுதி' என்றால் ஆட்டோக்காரரே ஆளைச் சொல்லிவிடுவார்!

அப்புறம், மேலே 'மாதிரி' என்று எழுதிவிட்டால் பொறுப்பே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அதே தாளைக் கையொப்பமிட்டுக் கடனுக்காக வங்கியில் கொடுத்தால், அது மாதிரி அறிக்கை அல்ல, உண்மையான அறிக்கைதான்.