இசைக் கேள்வி பதில்: கர்ட் கோபேனின் கிட்டார்

கேள்வி: நிர்வாணா குழுவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ தொடக்கத்தைப் பழகுகிறேன். அக்குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான கர்ட் கோபேன் வைத்திருந்த அதே டிஎஸ்-1 பெடலை (காலால் மிதித்து ஒலியைக் கரடுமுரடாக்கும் கருவி) வாங்கிவிட்டேன். வீவக அடுக்குமாடி வீடு என்பதால் ஹெட்போனில்தான் வாசிக்க முடிகிறது. கொசு ரீங்காரம் போலக் கேட்கிறதே, பெடலில் கோளாறா?
(உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: பெடல் நன்றாகத்தான் இருக்கிறது. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர், ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்ட கீச்சொலியை வெகுவாக அடக்கிவிடும். ஹெட்போன் அடக்காது. ‘கேபினெட் சிமுலேஷன்’ (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் வசதி) உள்ள ஹெட்போன் ஆம்பைப் பெடலுக்குப் பின் இணையுங்கள், கொசு போய்விடும். அடாப்டர் 9 வோல்ட், நடுமுனை மைனஸ் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெடலின் மூன்று திருகுகள்: டிஸ்டார்ஷன் (கரகரப்பு), டோன் (கூர்மை), லெவல் (ஒலி அளவு). டிஸ்டார்ஷனை முழுக்கத் திருகுவதுதான் பலரும் செய்யும் தவறு. அப்போது மெல்ல மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் ஒரே சத்தம்தான் வரும். கடிகார முள் கணக்கில் டிஸ்டார்ஷன் 1 மணி, டோன் 10 மணியில் தொடங்குங்கள். பெடலை மிதித்ததும் ஒலி கணிசமாக உயரும்படி லெவலை வையுங்கள். கோபேனின் பாட்டுக்கு உயிரே அந்தத் தாவல்தான்: அடக்கமான பத்தி, பிறகு வெடிப்பு. பிக்சீஸ் என்ற ராக் குழுவிடம் கற்றதாக அவரே சொன்ன உத்தி அது.

வாசிப்பது நான்கே பவர் கார்டுகள் (மூன்றாம் சுரம் இல்லாத கார்டுகள்). எஃப்: 6ஆம் கம்பி, 1ஆம் ஃபிரெட் (கிட்டார் கழுத்தின் கட்டம்). பி ஃபிளாட்: 5ஆம் கம்பி, 1ஆம் ஃபிரெட். ஏ ஃபிளாட்: 6ஆம் கம்பி, 4ஆம் ஃபிரெட். டி ஃபிளாட்: 5ஆம் கம்பி, 4ஆம் ஃபிரெட். மேஜர் கார்டாகப் பிடித்தால், டிஸ்டார்ஷனில் மூன்றாம் சுரம் மற்றவற்றோடு மோதிக் கலங்கிவிடும். கார்டுக்குக் கார்டு நகரும்போது பிடிக்கும் கையைத் தளர்த்தி, கம்பிகளைத் தொட்டபடியே மீட்டுங்கள். அந்த ‘சிக்கு சிக்கு’ இல்லாவிட்டால் பாட்டு நொண்டும்.

கேள்வி: நான் இடக்கையால் வாசிப்பவன். வலக்கைக் கிட்டாரைத் திருப்பிக் கம்பி மாற்றினால் போதுமா?
(ஈசூன் வாசகர்)

பதில்: போதாது. வழக்கமான 10-46 கம்பி செட்டின் தடித்த கம்பி, நட்டில் (கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) மெல்லிய கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் உட்காராது. நட்டை மாற்றியே ஆக வேண்டும். மின்கிட்டாரில் சாடில்களை (மறுமுனையில் கம்பிகளைத் தாங்குபவை) ஒவ்வொன்றாக நகர்த்திச் சுருதி சேர்க்கலாம். அக்கூஸ்டிக்கில் சாடில் சாய்வாகப் பதிந்திருக்கும். திருப்பினால் சாய்வு தலைகீழாகி, மேல் ஃபிரெட்டுகளில் சுருதி விலகும். அதைச் சரிசெய்வது கடைக்காரர் வேலை. 1993 நவம்பர் 18 அன்று நடந்த எம்டிவியின் ‘அன்பிளக்டு’ இசை நிகழ்ச்சியில் கோபேன் வாசித்ததும் இப்படி மாற்றியமைத்த வலக்கைக் கிட்டார்தான்: 1959இல் செய்த மார்ட்டின் டி-18இ. 2020 ஏலத்தில் அது 60 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் போனது.

கேள்வி: 14 வயது மகன் நாள் முழுக்கக் கோபேன் பாட்டுத்தான் கேட்கிறான். அவர் தற்கொலை செய்துகொண்டவர் என்று அறிந்ததிலிருந்து பயமாக இருக்கிறது. தடுக்கலாமா?
(தெம்பனிஸ் தாயார்)

பதில்: தடுக்க வேண்டாம் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள். மெல்லிய இசையான ‘அன்பிளக்டு’ உங்கள் காதுக்கும் ஒத்துவரும். 1994 ஏப்ரலில், 27 வயதில் கோபேன் இறந்தார். அதற்கு முன் பல ஆண்டுகள் வயிற்று வலி, மனச்சோர்வு, ஹெராயின் பழக்கம் என்று அவதிப்பட்டார். மகனிடம் இதை மறைக்காமல் சொல்லலாம். அவன் தூக்கமோ சாப்பாடோ மாறினால், நண்பர்களை விலக்கினால், வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சிங்கப்பூரின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் உதவித் தொலைபேசி 1767, 24 மணி நேரமும் உண்டு.

கேள்வி: நிர்வாணாவின் முதல் ஆல்பம் சில நூறு டாலரில் முடிந்ததாமே?
(ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: உண்மைதான். 1989இல் வந்த ‘பிளீச்’ ஒலிப்பதிவுச் செலவு 606.17 அமெரிக்க டாலர். சியாட்டிலில் ஜாக் எண்டினோ பதிவு செய்தார். பணம் கொடுத்தவர் ஜேசன் எவர்மன். அந்த ஆல்பத்தில் ஒரு சுரம்கூட வாசிக்காவிட்டாலும், கிட்டார் கலைஞராக அவர் பெயர் உறையில் இருக்கிறது.