கண்மாய் யாருக்குத் தேவை?

ஐயா, வணக்கம். எங்கள் ஊர்க் கண்மாயைப் போன ஆண்டு தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, மடையும் கட்டிக் கொடுத்தார்கள். இந்த ஆண்டு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைக் கருவேலம் மூடிவிட்டது. தாத்தா காலத்தில் ஊரே கூடி மராமத்து பார்த்ததாம். மக்களுக்கு அக்கறை போனதுதானே காரணம்?
கா., சிவகங்கை

அன்புள்ள கா.,

அக்கறையை விடுங்கள். அந்தத் தண்ணீர் இன்று யாருக்குத் தேவை என்று பாருங்கள். தாத்தா காலத்தில் தலைமடைப் பெரிய சம்சாரிக்கும் கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருந்தவருக்கும் கண்மாயை விட்டால் நெல் கிடையாது. கரை கசிந்தால் இருவரும் ஓடிவந்தார்கள். ஆயக்கட்டுக்குள், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்களுக்குள், கிணறும் மோட்டாரும் வந்ததும் பெரியவருக்குக் கண்மாய் வேண்டாததாகிவிட்டது. ஊரைக் கூட்டக்கூடிய ஆளும் அவர்தான். 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானதும் அவர் முழுதாக விலகிக்கொண்டார். கண்மாய் நிறைந்தால்தான் கிணற்றில் ஊறும் என்பது தெரியவரும்போது போர்வெல் போட்டுவிட்டார்.

ஊரே கூடியது என்கிறீர்கள். வெள்ளத்தில் கரையைக் காக்கவும் வழக்கமான மராமத்துக்கு ஆள் வரவும் 1858-லேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. விரும்பி வந்தவர்களும் இருந்தார்கள், கூப்பிட்டால் மறுக்க முடியாதவர்களும் இருந்தார்கள். நீர்பாய்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் மடை திறப்பதும், வாய்க்கால் நெடுக இரவெல்லாம் நடந்து ஒவ்வொரு வயலுக்கும் வாமடை வெட்டி, பாய்ந்ததும் அடைப்பதும் அவர் வேலை. நிலக்காரர் மண்வெட்டியை எடுத்துத் தன் வயலுக்குத் திருப்பக்கூடாது. கூலி களத்தில் நெல்லாக வரும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் அவர் பெரும்பாலும் நிலமில்லாத தலித். ஊருக்கே பங்கிட்ட தண்ணீர் பாய அவருக்கென்று ஒரு வயல் இல்லை. அவர் பிள்ளைகள் திருப்பூருக்குப் போனதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன்.

வரத்துக்கால் தனிக்கதை. மேலே உள்ள ஊர்க் கண்மாய் நிறைந்து, மிகுந்த நீர் வெளியேறும் அதன் கலிங்கு வழிந்துதான் உங்களுக்குத் தண்ணீர் வரும். அங்கே மண்மூட்டை அடுக்கி உயர்த்தினால் நீங்கள் எவ்வளவு தூர்வாரியும் பயனில்லை. தமிழ்நாட்டின் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்களில் பல இப்படிச் சங்கிலியாகக் கிடப்பவைதான். வேலையோ ஒவ்வொரு கண்மாயாகத் தனித்தனியே நடக்கிறது.

ஊராரே நீர்நிலையைச் சீர்செய்யும் குடிமராமத்து 2017-இல் அரசுத் திட்டமாகத் திரும்ப வந்தபோதும் பாசனதாரர் சங்கம்தான் முன்னால் நின்றது. அதாவது ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள். அவர்களில் பலருக்கு மோட்டார் இருக்கிறது. ஆட்டுக்கிடை போடுகிறவர், மாடு குளிப்பாட்டுகிறவர், துணி துவைக்கும் பெண்கள், மோட்டார் வாங்க முடியாத கடைமடைக்காரர், இவர்களுக்குத்தான் கண்மாய் இன்றும் வேண்டும். சங்கத்தில் இவர்களை உட்கார வையுங்கள். மீன் ஏலப் பணத்திலிருந்து ஒரு நீர்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், எந்தச் சாதிக்காரரானாலும் சரி. உங்கள் ஊரில் அந்தப் பணம் இப்போது எங்கே போகிறது? விசாரித்து எழுதுங்கள்.