படித்துறையில் சிறிது நேரம்: நெல்லைச் சீமையில் மன ஓய்வு பற்றிக் கேள்வி பதில்

பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். முப்பது ஆண்டுகளாக விடிகாலையில் தாமிரபரணிப் படித்துறை ஒன்றில் அமர்ந்து வருகிறேன். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோயிலில் உழவாரப் பணி. அந்தப் பழக்கத்தில் அறிந்ததை வைத்து, வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, சாமி எல்லா இடத்திலும்தானே இருக்கிறார்? அமைதியான இடத்தைத் தேடிப் போக வேண்டுமா? (பேட்டை)

சாமி எங்கும் இருக்கிறார், தம்பி. நம்மால்தான் எல்லா இடத்திலும் இருக்க முடிவதில்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூட முடியாது. தூக்கத்தில்கூட அது விழித்தே இருக்கிறது. ஒவ்வொரு ஹாரனுக்கும் உடம்பு ஒருமுறை திடுக்கிட்டு அடங்குகிறது. நாள் முழுக்க இப்படித் திடுக்கிட்ட உடம்போடு மாலையில் ஜபமாலையை எடுத்தால் விரல்தான் நகரும்.

இதை மருத்துவமும் பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்களையும் செங்கல் சுவர் தெரிந்தவர்களையும் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு 1984-இல் எழுதினார். மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வலுவான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. வெறும் ஜன்னலுக்கே இவ்வளவு என்றால், மருத மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுவதை எண்ணிப் பாருங்கள்.

குடும்பத்தோடு குற்றாலம் போனோம். திரும்பி வரும்போது போனதைவிட அலுப்பு. எங்கே தவறு? (சங்கரன்கோவில்)

சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் போயிருப்பீர்கள். அருவியின் மேல் குற்றமில்லை. விடாமல் ஒரே சீராக விழும் அந்த ஓசை மற்ற சத்தங்களையெல்லாம் மூடிவிடும். வரிசையும் தள்ளுமுள்ளும்தான் உங்களைக் களைக்க வைத்தன. அடுத்த முறை வார நாளில் போங்கள். குளித்து முடித்ததும் ஊருக்குக் கிளம்பிவிடாமல் சித்திர சபைக்குள் நுழையுங்கள். நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் ஒன்று அது. அங்கே ஆடவல்லானைச் சுவரோவியமாகத்தான் வணங்குகிறோம். தலை ஈரம் காயும் வரையாவது அங்கே இருங்கள்.

கூட்டமில்லாத ஓர் இடம் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்? (மதுரையில் வேலை பார்க்கும் அம்பாசமுத்திரத்துக்காரர்)

திருப்புடைமருதூர். இதற்கு மட்டும் நான் யோசிப்பதே இல்லை.

கடனா நதி தாமிரபரணியோடு சேரும் இடம் அது. கோயில் நாறும்பூநாதருடையது. நாறும் பூ என்றால் மணக்கும் பூ. ஆற்றில் வெள்ளம் போன ஒரு நாள், கருவூர்ச் சித்தர் கடக்க முடியாமல் அக்கரையில் நின்று கூப்பிட்டாராம். அவர் குரலைக் கேட்க இறைவன் தலையைச் சாய்த்தார் என்பது தலபுராணம். இன்றைக்கும் லிங்கம் சாய்ந்தே இருக்கிறது. ஆண்டவனே செவி சாய்த்து நிற்கும் சன்னிதியில் நாம் உரக்கப் பேச முடியுமா? முதல்முறை அதைப் பார்த்த அன்று, வேண்டிக்கொள்ள எடுத்துச் சென்றிருந்த எதையும் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருப்பதாகவே தோன்றவில்லை.

கோபுரத்தின் உள்நிலைகளில் மரச் சிற்பங்களும் பழைய ஓவியங்களும் இருக்கின்றன. ஏற அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். வெளியே மரங்களில் நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டும். ஊர்மக்களே முன்வந்து கேட்டதால் 2005-இல் அந்த இடம் பறவைகளுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மொத்தமே மூன்று ஹெக்டேருக்குள்தான். எச்சத்தின் நாற்றத்தையும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு, கல்லெறியாமல், கிளை வெட்டாமல் ஓர் ஊர் வாழ்கிறது. உங்களுக்குக் கிடைக்கும் அமைதி அவர்கள் காத்து வைத்திருப்பது. கூடு கட்டும் காலத்தில் போனால், படம் எடுப்பதற்காகக் கைதட்டிப் பறவைகளைக் கிளப்பிவிடாதீர்கள். அப்படிச் செய்தவர்களை நான் கண்டித்திருக்கிறேன், இனியும் கண்டிப்பேன்.

நான் கிறிஸ்தவப் பெண். உங்கள் பதில்கள் எனக்கும் பொருந்துமா? (பாளையங்கோட்டை)

ஏன் பொருந்தாது, மகளே? களக்காட்டு மலையடிவாரத்து டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் குழந்தைகளை வளர்த்தார். 1931-இல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-இல் மறையும் வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அங்கே இருப்பது, அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்த வைத்த ஒரு தொட்டி, அதில் ‘அம்மா’ என்ற ஒரே சொல். தமக்கென்று ஒரு கல்கூட வேண்டாம் என்ற மனம் எவ்வளவு ஓய்ந்த மனமாக இருந்திருக்க வேண்டும்!

பொட்டல்புதூர் தர்காவுக்கும் எல்லா மதத்தாரும் போகிறார்கள். நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் கோயில் கொடை விழா என்றால் நான்கு நாள் ஒலிபெருக்கிதான். கேட்டால் பக்தி இல்லாதவன் என்கிறார்கள். (பெயர் வேண்டாம்)

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு விலக்கு தரலாம். அதற்கு மேல் இல்லை.

ஆனால் விதியைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் போகாதீர்கள். எங்கள் தெருவில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் நால்வரை அழைத்துக்கொண்டு விழாக் குழுவிடம் போனேன். குழாயைத் தெருப்பக்கமிருந்து கோயில் பக்கம் திருப்பினார்கள், ஒலியையும் குறைத்தார்கள். வில்லுப்பாட்டு அன்றைக்குத்தான் சொல் சொல்லாகக் காதில் விழுந்தது.

சும்மா உட்கார்ந்தால் பழைய துக்கமெல்லாம் மேலே வருகிறது. பயமாக இருக்கிறது. (தென்காசி)

வரும், அம்மா. என் மனைவி தவறிய ஆண்டு, படித்துறையில் ஒரு மாதம் நான் அழுதது மட்டும்தான். வீட்டில் பிள்ளைகள் முன் அழ முடியாமல் இருந்ததற்கு அந்தப் படிகள் இடம் கொடுத்தன. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. தனியாக இருக்கப் பயமென்றால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், பேசாமல் உடனிருக்கத் தெரிந்தவராக. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால் ஆற்றங்கரை போதாது. மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

பாபநாசத்தில் பரிகாரம் முடித்து உடுத்திய துணியை ஆற்றில் விட வேண்டும் என்கிறார்களே? (திருச்செந்தூர்)

விடாதீர்கள். ஆற்றில் விட்ட துணி பாறையிலும் வேரிலும் சிக்கிக் கிடந்து அழுகுகிறது. தன்னார்வலர்கள் மூழ்கி மூழ்கி அதை அள்ளுகிறார்கள். நம் பாவத்தைக் கழுவ வந்த இடத்தில் அடுத்தவர் குடிநீரைக் கெடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? குளியுங்கள், கும்பிடுங்கள், ஈரத்துணியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டு குழந்தைகள், மாமியார், வேலை. எனக்கு ஆறும் இல்லை, நேரமும் இல்லை. (வள்ளியூர்)

மொட்டை மாடி இருக்கிறதா? விடியுமுன் கால் மணி நேரம். கைப்பேசி கீழேயே இருக்கட்டும். அந்தக் கால் மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். இந்தப் பதிலை அவரிடமே காட்டலாம்.

முதல்முறை ஆற்றங்கரைக்குப் போகிறேன். என்ன செய்ய வேண்டும்? (கல்லூரி மாணவர், மேலப்பாளையம்)

ஒன்றும் செய்ய வேண்டாம், தம்பி. முதல் பத்து நிமிடம் எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றும். அதைத் தாண்டி உட்காருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேலே மழை என்றால் தண்ணீர் திடீரென்று ஏறும். குறுக்குத்துறை முருகன் கோயிலே மூழ்கும் ஆறு இது. அந்த நாட்களில் மேல்படியோடு நின்றுகொள்ளுங்கள். அடுத்த வாரமும் அதே படிக்கே போங்கள்.