90-கள்லேர்ந்து இப்ப வரைக்கும் வந்த ராக், ஆல்டர்னேட்டிவ் ஆல்பங்களை எங்கேர்ந்து கேக்க ஆரம்பிக்கலாம்?

"சிறந்த நூறு ஆல்பம்"னு வர்ற லிஸ்ட் எல்லாம் பாத்து மலைச்சுப் போயிட்டேன், எங்க ஆரம்பிக்கறதுன்னு புரியலன்னு கேட்டிருக்கீங்க. நான் சொல்ற வழி கொஞ்சம் வேற. பேண்டு பேரை எல்லாம் இப்போதைக்கு விட்டுடுங்க, ஒரே ஒரு ரெக்கார்டிங் இன்ஜினியர் பேரைப் புடிச்சுக்கோங்க. ஸ்டீவ் அல்பினி. சிகாகோல ஸ்டூடியோ வெச்சிருந்தவரு, 2024 மே மாசம் மாரடைப்புல போயிட்டாரு, 61 வயசுதான். அவர் ரெக்கார்டு பண்ண ஆல்பங்களை மட்டும் கேட்டுட்டுப் போனாலே இந்த முப்பத்தஞ்சு வருஷத்து ஆல்டர்னேட்டிவ் ராக்ல ரொம்ப நல்ல பங்கு ஒண்ணு உங்க காதுல விழுந்துடும், பேண்டுகள் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கும், ஒண்ணு கத்தும், ஒண்ணு முணுமுணுக்கும், ஆனா எல்லாத்துலயும் ஒரு விஷயம் பொதுவா இருக்கும், அவங்க நின்னு வாசிச்ச ரூம் கேக்கும்.

ரூம் கேக்கும்னா என்னன்னு சொல்லிடறேன். கோயில் கல் மண்டபத்துல தவில் வாசிக்கறப்ப பக்கத்துல நின்னிருப்பீங்க. கை தோல்ல விழற சத்தம் ஒண்ணு, அது தூண்லயும் கூரையிலயும் பட்டுத் திரும்பி வர்றது இன்னொண்ணு, ரெண்டும் சேந்துதான் நெஞ்சுல வந்து இடிக்கும். அதே தவிலுக்குக் கிட்டத்துல மைக் வெச்சு ஸ்பீக்கர்ல விட்டா சத்தம் பெருசா வரும், ஆனா அந்த ரெண்டாவது சத்தம் இருக்காது. பெரும்பாலான ராக் ரெக்கார்டிங்ல டிரம்ஸ் இப்படித்தான், கிட்டத்துல புடிச்சு, அப்புறம் எதிரொலிய மெஷின்ல செஞ்சு ஒட்டுவாங்க. அல்பினி அந்த ரெண்டாவது சத்தத்தையும் சேத்துப் புடிக்கறதுக்காகவே மைக்கை ரூம் பூரா தள்ளித் தள்ளி வெப்பாரு.

ஆரம்பிக்க வேண்டிய ஆல்பம் நிர்வாணாவோட "இன் யூட்டரோ", 1993. இதை நான் முதல்ல கேட்டது காலேஜ் ஹாஸ்டல்ல, ரூம்மேட்டோட கம்ப்யூட்டர்ல, பத்து பேர் கை மாறி வந்த எம்பி3 ஃபைல், சின்ன ஸ்பீக்கர். அதுக்கு முன்னாடி அவங்களோட முந்தின ஆல்பம் "நெவர்மைண்ட்" கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்த நேரம். இது என்னடா எல்லாம் கரடுமுரடா இருக்கு, குரல் உள்ள போய் ஒளிஞ்சுக்குது, ரெக்கார்டிங் சரியில்லன்னு நெனச்சு ஒதுக்கிட்டேன். நாலஞ்சு வருஷம் கழிச்சு, வேலைக்கு வந்த ஊர்ல ஒரு அண்ணன் வீட்டுல நல்ல ஸ்பீக்கர் இருந்துச்சு, அவர் ஒண்ணும் சொல்லாம "சென்ட்லெஸ் அப்ரென்டிஸ்" பாட்டைப் போட்டாரு. நிர்வாணா டிரம்மர் டேவ் குரோலோட டிரம்ஸ் மட்டும் முதல்ல வரும். நாலு சுவத்துக்கு நடுவுல ஒரு ஆளு உக்காந்து அடிக்கறான், அந்த சுவரு எவ்ளோ தூரத்துல இருக்குன்னு கூட காதுக்குத் தெரியுது. "அண்ணே, திருப்பிப் போடுங்க"ன்னு கேட்டு அந்த ஆரம்பத்தை மட்டும் மூணு தடவ கேட்டேன். ரெக்கார்டிங் சரியில்லன்னு நான் நெனச்சிருந்த விஷயமேதான் அந்த ஆல்பத்தோட உயிருன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

இந்த ஆல்பம் ரெக்கார்டு ஆன இடம் பேக்கிடெர்ம் ஸ்டூடியோ, மின்னசோட்டா மாநிலத்துல கேனன் ஃபால்ஸ்ங்கற சின்ன ஊருக்குப் பக்கத்துல காட்டுக்குள்ள இருக்கு. 1993 பிப்ரவரி, நல்ல பனிக்காலம், ரெக்கார்டிங், மிக்ஸிங் (தனித்தனியாப் புடிச்ச சத்தங்களை அளவு பாத்து ஒண்ணு சேக்கறது) எல்லாம் சேத்து ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சுட்டாங்க. பெரும்பாலும் மூணு பேரும் சேந்து நேரடியா வாசிச்சதுதான். பேண்டோட பாடகர் கர்ட் கோபேன் பாடினதுல பெரும்பகுதி ஒரே நாள்ல முடிஞ்சுது. "வெரி ஏப்", "டூரெட்ஸ்" ரெண்டு பாட்டுக்கும் டிரம்ஸைத் தூக்கிட்டுப் போய் சமையல்கட்டுல வெச்சு அடிச்சாங்க, அங்க எதிரொலி நல்லா இருக்குன்னு! "நெவர்மைண்ட்" சவுண்டு ரொம்ப வழவழன்னு ஆயிடுச்சுன்னு கர்ட்டுக்குப் பின்னால வருத்தம் இருந்துச்சு, அதனாலதான் அல்பினியத் தேடிப் போனாரு.

முடிஞ்சதும் ரெக்கார்டு கம்பெனிக்குப் புடிக்கல, பேண்டுக்குமே கொஞ்சம் தயக்கம் வந்துச்சு, பத்திரிகையில எல்லாம் இது பெரிய சண்டையா ஓடுச்சு. கடைசியில "ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்", "ஆல் அபாலஜீஸ்" ரெண்டை மட்டும் ஸ்காட் லிட்டுங்கறவரு திரும்ப மிக்ஸ் பண்ணாரு. ஆல்பம் வந்த உடனே அமெரிக்காவுல முதல் இடத்துக்குப் போச்சு. அந்த ரெண்டு பாட்டோட அல்பினி மிக்ஸ் 2013-ல வந்த இருபதாவது வருஷப் பதிப்புல இருக்கு, ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க, மிக்ஸிங்னா என்னன்னு அதை விட நல்லாப் புரிய வைக்க என்னால முடியாது. லிட் மிக்ஸ் மோசம்னு நான் சொல்லல, "ஆல் அபாலஜீஸ்"ல செல்லோ சத்தம் வர்ற இடம் அதுலதான் எனக்கு இன்னும் புடிக்கும்.

இதுக்கு அடுத்தது பிஜே ஹார்வியோட "ரிட் ஆஃப் மீ". அதுவும் 1993, அதுவும் அதே பேக்கிடெர்ம், நிர்வாணா போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ரெக்கார்டு ஆனது. அந்த ஸ்டூடியோ எப்படிக் கேக்கும்னு தெரிஞ்சுக்கட்டும்னு அல்பினி நிர்வாணாவுக்கு அனுப்பி வெச்சதே இந்த ஆல்பத்தைத்தான். மூணே பேர் பேண்டு, இங்கிலாந்துல டோர்செட் பக்கத்து கிராமத்துலேர்ந்து வந்த இருபத்து மூணு வயசுப் பொண்ணு ஹார்விதான் கிட்டாரும் குரலும். முதல் பாட்டு கேக்கவே முடியாத அளவுக்கு மெல்ல ஆரம்பிக்கும், கிட்டார் கம்பியைக் கையால அமுக்கிட்டு டுக்டுக்டுக்னு, பக்கத்துல யாரோ பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசற மாதிரி, நீங்க வால்யூமைக் கூட்டுவீங்க, அப்புறம் சொல்லாம கொள்ளாம மொத்தமா வெடிக்கும். இன்னிக்கு வர்ற பாட்டு நெறையதுல மெல்லிசும் சத்தமும் ஒரே மட்டத்துக்கு இழுத்து வெச்சிருப்பாங்க, கார்லயும் ஃபோன்லயும் கேக்க வசதியா. இங்க அப்படி இழுக்கல. விட்டுப் போன ஒருத்தன் மேல ஒரு பொண்ணுக்கு வர்ற கோவம் ஏறி இறங்கற மாதிரியே சத்தமும் ஏறி இறங்குது, அதைச் சமப்படுத்தியிருந்தா பாட்டே செத்துப் போயிருக்கும்.

கொஞ்சம் பின்னாடி போகணும்னா பிக்ஸீஸோட "சர்ஃபர் ரோசா", 1988. கர்ட்டுக்கு உயிரான ஆல்பம். இதையும் அல்பினிதான் ரெக்கார்டு பண்ணாரு, இதுல பேஸ் கிட்டார் வாசிச்சுப் பாடின கிம் டீல் குரலுக்கு எதிரொலி வேணும்னு ஸ்டூடியோ பாத்ரூம்ல வெச்சு ரெக்கார்டு பண்ணாங்க.

பணத்தைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா இந்த சவுண்டும் அந்தப் பணக் கணக்கும் ஒரே குணத்துலேர்ந்து வந்ததுதான்னு நான் நம்பறேன். அல்பினி தன்னை புரொடியூசர்னு போட விடமாட்டாரு, "ரெக்கார்டு செய்தவர்"னு போட்டா போதும்பாரு. இன் யூட்டரோவுக்கு முன்னாடி பேண்டுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினாரு. ஒரு ரெக்கார்டு ஒரு வாரத்துக்கு மேல இழுத்துச்சுன்னா யாரோ சொதப்பறாங்கன்னு அர்த்தம், எனக்கு ராயல்டி வேண்டாம், பிளம்பருக்குக் கொடுக்கற மாதிரி செஞ்ச வேலைக்குக் கூலி கொடுங்கங்கறதுதான் அதோட சாரம். முப்பது லட்சம் காப்பி வித்தா ராயல்டியே நாலு லட்சம் டாலர் பக்கம் வரும், அவ்ளோ பணம் வாங்கினா எனக்குத் தூக்கம் வராதுன்னும் எழுதியிருந்தாரு. ஒரே தொகையா ஒரு லட்சம் டாலர் வாங்கிட்டு, அதுக்கப்புறம் வித்த காப்பிகள்லேர்ந்து ஒரு காசு வாங்கல. அதே 1993-ல ஒரு கட்டுரையும் எழுதினாரு, பெரிய கம்பெனியில கையெழுத்துப் போடற ஒரு பேண்டோட வரவு செலவை வரி வரியாப் போட்டு, மத்தவங்க எல்லாம் அவங்கவங்க பங்கை எடுத்துட்டுப் போன பிறகு வாசிச்ச ஆளுக்குத் தலைக்கு நாலாயிரம் டாலர் சொச்சம்தான் மிஞ்சுதுன்னு காட்டினாரு.

அவர் குறையே இல்லாத மனுஷன்னு நான் சொல்ல வரல. இளவயசுல அதிர்ச்சி கொடுக்கணும்னே ரொம்ப அசிங்கமா, புண்படுத்தற மாதிரி எழுதியும் பேசியும் இருக்காரு, அவரோட பழைய பேண்டு ஒண்ணுக்கு வெச்ச பேரே சகிக்க முடியாதது. 2021-ல அதை எல்லாம் தன் தப்புன்னு வெளிப்படையா எழுதினாரு, சூழ்நிலை மேல பழி போடல. எனக்கு அது முக்கியமாப் பட்டுது.

இப்ப வரைக்கும் சொன்னது எல்லாம் சத்தமான ஆல்பம். அவரை "சத்தக்காரர்"னு நெனச்சுக்காம இருக்கணும்னா லோ பேண்டோட "திங்ஸ் வி லாஸ்ட் இன் தி ஃபயர்" கேக்கணும், 2001. இவங்களும் மின்னசோட்டாதான், டுலூத் ஊரு. ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர், புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பேரும் சேந்து பாடுவாங்க. மிமி நின்னுக்கிட்டே ரெண்டு டிரம், ஒரு சிம்பல், அதையும் பிரஷ்ஷால தடவற மாதிரி வாசிப்பாங்க. குரோல் அடிச்சதைப் புடிச்ச அதே ஆளு இந்தத் தடவலையும் புடிச்சிருக்காரு, இதுலயும் ரூம் கேக்குது, ஆனா ராத்திரி எல்லாரும் தூங்கின வீட்டு ரூம். மிமி 2022-ல கேன்சர்ல போனப்ப நான் இந்த ஆல்பத்தைத்தான் போட்டுட்டு உக்காந்திருந்தேன், "சன்ஃப்ளவர்" பாட்டுல அவங்க குரல் ஆலன் குரலுக்கு மேல வந்து நிக்கற இடத்துல தாங்கல.

கடைசியா ஒண்ணு, இது நான் யாருக்கு வேணா கையப் புடிச்சு உக்கார வெச்சுக் கேக்க வெக்கற ஆல்பம். சாங்ஸ் ஒஹாயாவோட "மேக்னோலியா எலக்ட்ரிக் கோ", 2003. ஜேசன் மொலினான்னு ஒஹாயோக்காரர் ஒருத்தரோட பேண்டு, சிகாகோல அல்பினியோட எலக்ட்ரிக்கல் ஆடியோ ஸ்டூடியோல ரெக்கார்டு ஆனது. முதல் பாட்டு "ஃபேர்வெல் டிரான்ஸ்மிஷன்" ஏழு நிமிஷத்துக்கு மேல ஓடும், ஒரு பெரிய கூட்டமே ஒரே ரூம்ல சேந்து வாசிக்குது, அடுத்து எங்க போகப் போறோம்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே போற மாதிரி இருக்கும், கடைசியில எல்லாம் அடங்கி வர்றப்ப மொலினா "கேளு"ங்கற அந்த ஒத்தை வார்த்தையைத் திரும்பத் திரும்ப சொல்லுவாரு. குடிதான் அவரை அழிச்சுது, 2013-ல 39 வயசுல போயிட்டாரு. பெரிய ஹிட்டெல்லாம் ஒண்ணும் கிடையாது, நூறு ஆல்பம் லிஸ்ட்ல பல சமயம் இருக்காது, ஆனா எனக்கு ஒரே ஒரு ஆல்பம்தான் வெச்சுக்கலாம்னு சொன்னா இன் யூட்டரோவ விட்டுட்டு இதைத்தான் எடுப்பேன்.

கேக்கறப்ப ஹெட்ஃபோனோ நல்ல ஸ்பீக்கரோ எது இருந்தாலும் சரி, ஃபோன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். ஆப்ல எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வர்ற "நார்மலைஸ்"னு ஒண்ணு இருக்கும், அதையும் ஈக்வலைசரையும் அணைச்சுடுங்க. "ரிட் ஆஃப் மீ"க்கு மட்டும் ஒண்ணு, முதல்ல சத்தமான இடத்துக்குத் தள்ளிப் போய் காது தாங்கற அளவுக்கு வால்யூமை வெச்சுக்கோங்க, அப்புறம் ஆரம்பத்துலேர்ந்து போடுங்க, மெல்ல வர்ற இடத்துல ஒண்ணுமே கேக்கலையேன்னு கை போகும், கூட்டாதீங்க, கிட்டப் போய் உக்காருங்க.